கல்லறைக் கற்களும் ஆவணக் களரியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சங்கத்தார் எம்மை அழைத்து, யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுக எனப் பணித்தபொழுது, யாம் கல்வியைப்பற்றியோ காவியச் சுவையைப்பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ கல்லறைக் கற்கள். விழாநாளில் இடுகாட்டுப் பேச்சு அமங்கலம் அன்றோ என்று முதியோர் சிலர் முகஞ் சுளித்தலை இங்கிருந்தே காண்கின்றோம். அவர்கட்கு எம் விடை இது. இறந்துபட்ட வீரனுக்குக் கல்லைத் தேடிக் காண்பது முதலாக, அதனை நாட்டி வாழ்த்துவது ஈறாகவுள்ள நிலைகளைத் தொல்காப்பியனார் புறத்திணையியலில் துறைகளாக வகுத்துரைத்தார். இலக்கணம் வகுக்கத் தக்க பொருள், அவையிற் பேசத் தகாத பொருள் ஆகாது.

நம் இடுகாட்டிற்குச் சுற்றுச்சுவர் எழுப்புவதென்று சங்கம் இவ்வாண்டு தீர்மானித்துள்ளது. நல்ல பணி, வேண்டிய பணி. ஆனால் அடித்தளம் தோண்டுமுன் செய்ய வேண்டிய வேறொரு பணி உண்டு. அதனைச் சொல்லவே வந்தோம்.

எம் பிழை

முதற்கண் எம் பிழையை எடுத்துரைப்போம். இருபது ஆண்டுகட்கு முன்பு இடுகாட்டு வழியை அகலப்படுத்தினர். வழியோரத்திலிருந்த பழங்கற்கள் சில பெயர்க்கப்பட்டு ஒருபுறம் குவிக்கப்பட்டன. செய்தவர்மேற் குறை கூறுதல் எம் கருத்தன்று. வழி வேண்டியே இருந்தது. சில திங்களில் அக்குவியல் கரைந்தது. ஒரு கல் வாய்க்காற் படியாயிற்று. ஒன்று துணி துவைக்கும் கல்லாயிற்று. மற்றவை போன இடம் தெரியவில்லை. அவற்றுள் ஒன்று எம் பாட்டனாருடையது.

அதில் ஆறு வரிகள் இருந்தன. சிறு பருவத்தில் எந்தையார் கையைப் பற்றிச் சென்று, விரலால் தடவி, எழுத்துக் கூட்டிப் படித்தோம். புத்தகத்திற்கு வெளியே யாம் படித்த முதல் எழுத்து அதுவே. இன்று முதலிரண்டு வரிகளே நினைவில் உள்ளன, பெயரும் ஊரும். அவர் மறைந்த ஆண்டு எது? அத்தையார் ஓர் ஆண்டு சொல்வார். சிற்றப்பா வேறோர் ஆண்டு சொல்வார். கல்லை நாட்டியவர் யார்? அதனையும் கல்லே சொல்லியிருந்தது. இப்பொழுது சொல்வார் இல்லை.

மாணாக்கரை நடுகற்கள் உள்ள இடங்கட்கு அழைத்துச் சென்று எழுத்தெழுத்தாகப் படியெடுக்கச் செய்தவர் யாம். ஆயினும் எம் பாட்டனார் கல்லிலுள்ள ஆறு வரிகளை ஒரு தாளில் எழுதி வைத்தோம் அல்லோம். கல்தானே, எங்கே போகும் என்று இருந்துவிட்டோம். கல்லும் போகும் என்பதை அறிந்த பின்னரே, அதனை ஏட்டிற் காத்தவர் எவரேனும் உளரோ என்று தேடிப் படிக்கலானோம். அத்தேட்டம் எம்மை நெடுந்தொலைவு கொண்டு சென்றது.

நியூ இங்கிலாந்தில் நடந்தது

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குப் பகுதிக்கு நியூ இங்கிலாந்து என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஆங்கிலேயருட் பெரும்பாலோர் பியூரிட்டன் என்னும் கடுநெறிக் கிறித்தவர். வழிபாட்டு மனைகளில் உருவங்களை விலக்கிய அம்மக்கள், கல்லறைக் கற்களில் மட்டும் உருவங்களைச் செதுக்க இடந்தந்தனர். சிறகுடைய மண்டையோடு, மணற்கடிகை, குழந்தை முகம் முதலியன அக்கற்களிற் காணப்படும். அவற்றுட் பல, பலகைக்கல் எனப்படும் ஸ்லேட் கல்லால் ஆயவை. நுண்ணிய செதுக்கலை அக்கல் நூற்றாண்டுக் கணக்கிற் காக்கும். ஆயினும் நீர் புகுந்து உறைந்தால் ஏடேடாகப் பிளக்கும். சலவைக்கல்லோ மழையிற் கரைந்து சருக்கரை போல் உதிரும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் ஹாரியெட் மெரிஃபீல்டு ஃபோர்ப்ஸ் என்னும் பெருமாட்டியார் வாழ்ந்தார். அவர் ஊர்தோறும் சென்று பழங்கற்களைப் படமெடுத்தார். அக்காலத்துப் படம் கண்ணாடித் தகட்டில் எடுப்பது. சுமையும் மிகுதி, செலவும் மிகுதி. 1653 முதல் 1800 வரையிலான கற்களையும் அவற்றைச் செதுக்கினாரையும் பற்றி அவர் எழுதிய நூல் 1927-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இத்துறைக்கு அதுவே அடிப்படை நூல் என்பர்.

அவர் செய்த அருஞ்செயல் படமெடுத்தது மட்டும் அன்று. இக்கல்லைச் செதுக்கியவன் யார் என்று அவர் கேட்டார். கல்லிற் பெரும்பாலும் செதுக்கியவன் பெயர் இராது. ஒருவர் இறந்தால், அவர் சொத்தைப் பிரித்துக் கொடுப்போர் வரவு செலவுக் கணக்கை நீதிமன்றத்தில் ஒப்படைப்பது அந்நாட்டு வழக்கு. அக்கணக்கில், பெட்டிக்கு இவ்வளவு, கல்லுக்கு இன்னாருக்குக் கொடுத்தது இவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கும். பெருமாட்டியார் அக்கணக்குகளைத் தேடிப் படித்துக் கல்லோடு ஒப்பு நோக்கினார். இவ்வாறாகப் பெயரறியாத் தச்சர் பலர் பெயர் பெற்றனர். கல்லும் ஏடும் கூடினாலன்றி உண்மை வெளிப்படாது என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.

அவருக்குப் பின் அந்நகரத்து டேனியல் ஃபார்பர் என்பாரும் அவர் மனைவியார் ஜெஸ்ஸி லை ஃபார்பரும் அப்பணியை மேற்கொண்டனர். நிழலில் நிற்கும் கல்லின் எழுத்துப் படத்தில் தெளிவாக விழாது. அதற்கு எளிய உபாயம் ஒரு நிலைக்கண்ணாடி. சற்றுத் தொலைவில் வெயிலில் நின்று, கண்ணாடியால் ஒளியைப் பிடித்துக் கல்லின்மேல் பக்கவாட்டில் வீசினால், தேய்ந்த எழுத்தும் நிழல்பட்டு எழுந்து நிற்கும். கல்லைத் தொடவும் வேண்டியதில்லை. ஃபோர்ப்ஸ் பெருமாட்டியார் எடுத்த படங்களும், ஏர்னஸ்ட் கால்ஃபீல்டு என்னும் மருத்துவர் எடுத்த படங்களும், ஃபார்பர் எடுத்தவையும் ஒன்றுசேர்ந்து, 13,500-க்கு மேற்பட்ட படங்களாக, 9,000-க்கு மேற்பட்ட கற்களின் தொகுதியாக அமைந்தன. 1812-ஆம் ஆண்டில் ஊஸ்டர் நகரில் நிறுவப்பட்ட அமெரிக்கத் தொல்பொருட் கழகத்தின் நூல்நிலையம் அத்தொகுதியைப் போற்றி வருகின்றது.

1977-ஆம் ஆண்டில் இவ்வார்வமுடையோர் பலர் கூடிக் கல்லறைக்கல் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று கண்டனர். பேராசிரியர், பள்ளியாசிரியர், கல்தச்சர், தம் குடிவழி தேடுவோர் எனப் பலதிறத்தாரும் அதில் உறுப்பினர். அவர்கள் தொகுத்த படங்கள், மைப்படிகள், குறிப்பேடுகள், நூல்கள் ஆகியவை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆமர்ஸ்ட் நூல்நிலையத்திற் சேர்க்கப்பட்டுள்ளன. தனி ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தால் அவரோடு மறையும் என்பதை உணர்ந்து, நிலையான ஓரிடத்தில் ஒப்படைத்தனர். நம்முடைய பழங் கல்வெட்டுகளில், விலைப் பத்திரங்களைப் பதிந்து காக்கும் இடத்திற்கு ஆவணக் களரி என்று பெயர் காண்கின்றோம். அவர்கள் கண்டது கல்லறைக் கற்களுக்கு ஓர் ஆவணக் களரி எனலாம்.

தொகுத்ததனால் விளைந்த பயன்

இவற்றால் யாது பயன் என்று வினவுவீர். இரண்டு எடுத்துக்காட்டுகள் தருவோம்.

ஜேம்ஸ் டீட்ஸ், எட்வின் டெத்லெஃப்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1960-களில் பாஸ்டன் நகரைச் சூழ்ந்த இடுகாடுகளின் கற்களை ஆண்டு வரிசையில் எண்ணினர். முற்காலத்திற் சிறகுடைய மண்டையோடே மிகுதி. பதினெட்டாம் நூற்றாண்டு செல்லச் செல்ல அது குறைந்து, சிறகுடைய குழந்தை முகம் பெருகிற்று. 1800-ஐ ஒட்டி அதுவும் குறைந்து, கலசமும் வில்லோ என்னும் தாழ்கிளை மரமும் பெருகின. ஒரு வடிவம் அரும்பி, பெருகி, மெலிந்து மறைதலை எண்ணிக் காட்டினர். சாவைப்பற்றிய மக்கள் எண்ணம் மாறியதையே அது காட்டுகின்றது என்றனர். காரணம் பற்றிப் பின்வந்தோர் மாறுபட்டதும் உண்டு. எனினும் ஒரு கல்லை மட்டும் பார்த்தவன் இதனைக் கண்டிரான். ஆயிரங் கற்களை வரிசைப்படுத்தியவனே காண்பான். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. கல்லிலுள்ளது இறந்த ஆண்டு. கல்லை நாட்டிய ஆண்டு வேறாகலாம். பேரன் பொருளீட்டிய பின் பாட்டனுக்குக் கல் நாட்டுதல் எல்லா நாட்டிலும் உள்ளதே.

மற்றொன்று, எம் நெஞ்சை விட்டு நீங்காதது. ரோட் ஐலண்டு மாநிலத்து நியூபோர்ட் நகரின் பொது இடுகாட்டில், ஆப்பிரிக்க அடிமைகளையும் அவர் வழியினரையும் புதைத்த பகுதி ஒன்று உண்டு. அந்நகரில் 1705-ஆம் ஆண்டு முதல் ஸ்டீவன்ஸ் என்னும் குடும்பத்தார் கல் செதுக்கும் பட்டறை நடத்தினர். அவ்விடுகாட்டுக் கல் ஒன்று, இக்கல்லைச் செதுக்கியவன் பாம்ப் ஸ்டீவன்ஸ் என்றும், 1768-ஆம் ஆண்டு திசம்பர் 27-ஆம் நாள் தன் நாற்பதாம் வயதில் இறந்த தன் உடன்பிறந்தான் கஃப் கிப்ஸ் நினைவாகச் செதுக்கினான் என்றும் கூறுகின்றது. செதுக்கியவன் ஓர் அடிமை. உடன்பிறந்தார் இருவர், ஆயினும் குடிப்பெயர் வெவ்வேறு. ஏன்? அவரவரை உடைமையாகக் கொண்ட குடும்பத்தின் பெயரை அவரவர் சுமந்தனர். அவர்களைப் பிரித்து வைத்தது உலகம். உடன்பிறந்தோம் என்று எழுதி வைத்தது உளி. பெருந்தச்சரும் தம் பெயரைப் பொறியாத அக்காலத்தில் அவன் தன் பெயரைப் பொறித்தான். அதனைப் படியெடுத்துக் காத்தவர் இருந்தமையால், பெருங்கடலுக்கு இப்பாலுள்ள நாமும் அவனை அறிகின்றோம்.

சென்னைக் கற்கள்

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு, பின்னாளிற் சட்டக் கல்லூரி எழுந்த நிலத்தில் இருந்தது. 1758–59-இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த பெருங்கல்லறைகள் பகைவர்க்கு மறைவிடம் ஆயின. முற்றுகை நீங்கியபின் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் தூய மரியாள் கோயில் முற்றத்திற் பரப்பினர். ஹின்மர்ஸ் என்பாரும், ஆளுநர் எலைஹு யேல் என்பாரின் மகனும் துயிலும் கல்லறை முதலிய சிலவே பழைய இடத்தில் விடப்பட்டன. இன்று அம்முற்றத்தில் நிற்போர் கற்களைக் காண்பர். கற்களுக்கு உரியோர் அங்கு இலர். உடல் ஓரிடம், கல் ஓரிடம்.

ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார்; அந்நூல் 1905-ஆம் ஆண்டில் அரசாங்க அச்சகத்தில் வெளிவந்தது. வாசகத்தோடு நில்லாது, அவ்வவர் யார் என்னும் குறிப்பையும் அவர் எழுதினார். 1976-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தியோன் வில்கின்சன் என்பார், தென்னாசியாவிலுள்ள ஐரோப்பியர் இடுகாடுகளுக்கென ஒரு சங்கம் கண்டார். அச்சங்கத்தார் திரட்டிய பதிவுகள் இலண்டன் பிரித்தானிய நூல்நிலையத்தில் உள்ளன. நம் மண்ணில் மறைந்த தம்மவரைக் கடல் கடந்தும் எண்ணி எழுதி வைத்தனர் அவர். கூப்பிடு தொலைவிலுள்ள நம்மவரை நாம் எழுதினோமா?

நம் நாட்டில் இத்தகைய முயற்சி இல்லை என்று எவரும் கருதற்க. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை தொகுத்து 1972-இல் நூலாக்கிற்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்ட தமிழ் பிராமிக் கற்களுள் ஒன்று, ஆகோள் என்னும் சொல்லைத் தாங்கி நின்றது. புறத்திணை நூலிற் படித்த ஆநிரை கவர்தல், கல்லின் மேல் எழுத்தாக எதிர்ப்பட்டது. வீரர் கல்லுக்கு அறிஞர் இருக்கின்றனர். நம் தந்தையர் கல்லுக்கு நாமே இருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

செயன்முறையைச் சுருக்கிச் சொல்வோம்.

முதலாவது, இடம். இடுகாட்டின் வரைபடம் ஒன்று எழுதுக. பெயராத ஒன்றை, கிணற்றையோ வாயிலையோ, தொடக்கமாகக் கொண்டு அடிக்கணக்கில் அளந்து ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண் தருக. எண்ணை ஏட்டில் எழுதுக, கல்லின்மேல் எழுதற்க. இடமறியாத கல் பாதிக் கல்லே.

இரண்டாவது, வாசகம். கல்லில் உள்ளவாறே வரி வரியாக எழுதுக. பிழையிருப்பின் பிழையோடு எழுதுக. இதனை எம் போன்ற தமிழாசிரியர்க்குச் சிறப்பாகச் சொல்லுகின்றோம். சந்தியைத் திருத்தும் நோய் எம்மை விடாது. கல்தச்சன் எழுதிய பிழையும் அவன் பேச்சைக் காட்டும் சான்று. சிதைந்த எழுத்துக்குப் புள்ளியிடுக. ஊகத்தை அடைப்புக்குள் இடுக.

மூன்றாவது, படம். இன்று வீடுதோறும் கைப்பேசி உள்ளது. கண்ணாடித் தகடு சுமந்த பெருமாட்டியாரின் துன்பம் நமக்கு இல்லை. காலை மாலைச் சாய்வெயிலில் எடுக்க. இயலாதபோது நிலைக்கண்ணாடியால் ஒளி வீசுக. எண் எழுதிய சீட்டொன்று படத்தில் இருத்தல் வேண்டும். கம்பித் தூரிகை, அமிலம், வெளுப்புப் பொடி இவை கல்லைத் தின்னும். எழுத்தில் எண்ணெய்ச் சாயம் ஏற்றுவதும் வேண்டா. தவறாகப் படித்தவன் தவறாக ஏற்றுவான், பின்வருவோர்க்கு அதுவே வாசகமாகும். நல்ல நீரும் மெல்லிய தூரிகையும் போதும். உதிரும் கல்லாயின் அதுவும் வேண்டா.

நான்காவது, துணைச்சான்று. நம் கற்களிற் பல அறுபதாண்டு வட்டத்துப் பெயரை மட்டும் தாங்கியுள்ளன. விரோதி ஆண்டு என்றால் 1889-இல் தொடங்கியதா, 1949-இல் தொடங்கியதா, 2009-இல் தொடங்கியதா? கிழமையும் திதியும் இருப்பின் பஞ்சாங்கங் கொண்டு துணியலாம். இல்லையேல் வீட்டுக் கணக்கேடு, சாதகக் குறிப்பு, நிலப் பத்திரம், ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவு இவற்றைத் தேடுக. இருவர் இரண்டு ஆண்டு கூறின் இரண்டையும், கூறியவர் பெயரோடு எழுதுக. எம் அத்தையார் சொல்லையும் சிற்றப்பா சொல்லையும் யாம் அவ்வாறே எழுதி வைத்துள்ளோம்.

ஐந்தாவது, கல் இல்லாதார். இதுவே தலையாயது. கல் நாட்டப் பொருள் வேண்டும். பொருளற்றார் மண்மேடாகக் கிடக்கின்றனர். மேடும் மழையிற் கரைந்தது. பெண்டிர் கல்லிலோ இன்னார் மனைவி என்பதன்றிப் பெயர் இல்லாததும் உண்டு. மகப்பேற்றில் மாண்டாரும் குழவிகளும் எங்கே எனக் கல் கூறாது. முதியோர் வாய் கூறும். நமக்காகக் குழி தோண்டிய முதியவர்க்குத் தெரிந்த அளவு நம்மில் எவர்க்கும் தெரியாது. அவரைத் திண்ணையில் மதிப்போடு அமர்த்திக் கேட்க. அவர் உழைப்புக்கு ஊதியம் தருக. இன்னார் சொல்லியது என்று அவர் பெயரையும் ஏட்டில் எழுதுக. அடிமையாய் இருந்தவன் செதுக்கிய கல்லைக் கேட்டு உருகிய நாம், நம் வாயிலில் நிற்பவரை மறத்தல் அறமன்று.

தொகுத்ததை இரு படியாக்கி, ஒன்றைச் சங்கத்திலும் ஒன்றைப் பொது நூல்நிலையத்திலும் வைத்தல் வேண்டும். பெயர், ஊர், ஆண்டு, கல்தச்சர் என நால்வகை அகராதி இணைத்தல் வேண்டும். அகராதி இல்லாத தொகுதி திறவுகோல் இல்லாத பெட்டி. கேட்டு வருவோர் நம்மவராயினும் பிறராயினும் அமர்ந்து படிக்க இடந்தருக; மூலத்தை வெளியே கொடுத்து விடற்க.

பயன்படுத்துவோர்க்கும் ஒரு சொல். எம் குடும்பம் முந்தியது, உம் குடும்பம் பிந்தியது என்று வழக்காட இவ்வேட்டைத் தூக்காதீர். பழங்கல் கிடைத்ததனால் பெருமையும், கிடைக்காமையால் சிறுமையும் இல்லை. கல் எஞ்சியது பெரும்பாலும் தற்செயல். எம் பாட்டனார் கல் போனதும் தற்செயலே. அவர் சிறியவர் என்பது பொருளன்று.

சுவர் எழுப்புவது ஆடு மாடு புகாமல் காக்கும். மறதி புகாமல் காக்காது. ஆதலின் அடித்தளம் தோண்டும் நாளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை நான்கினை எமக்குத் தருக. எம் பள்ளி மாணாக்கர் அளவுக் கயிறும் ஏடும் கொண்டு வருவர். இளைஞர் கைப்பேசியோடு வருக. தாய்மார் தத்தம் வீட்டுப் பழஞ்செய்திகளைச் சொல்ல வருக. வாய்க்காற் படியில் ஒரு கல் இன்னும் கிடக்கின்றது. எழுத்துள்ள பக்கம் கீழே உள்ளது என்பர். முதல் ஞாயிறன்று அதனைப் புரட்டிப் பார்ப்போம். அது எவருடைய பாட்டனார் கல்லாயினும் ஆகுக. அதற்கு எண் ஒன்று இடுவோம்.